பிடரியில் ஒரு முகம்

நாகர்கோவில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அறை பிடித்து அஞ்சு தன் பெயர்ப்பலகையை மாட்டிய அன்று, அவளுடைய அப்பா தாணுமாலயன் கீழே ரோட்டில் நின்று அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார். 'டிஜிட்டல் தடய ஆய்வு' என்றிருந்தது.

"தடயம்னா ஒருத்தனுக்கும் வெளங்காது பிள்ளே. போட்டோ தெளிவாக்கிக் குடுக்கப்படும்னு போடு. நாலு பேரு ஏறி வருவான்" என்றார்.

போடாமலே நாலு பேர் ஏறி வரத்தான் செய்தார்கள். ஒருத்தர் இறந்துபோன மாமனாரின் படத்துக்குக் கோட்டு மாட்டித் தரச் சொன்னார். ஒரு பெண் தன் கல்யாணப் படத்திலிருந்து நாத்தனாரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சென்னையில் தடய அறிவியல் படித்து, பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் சில வருஷம் வேலை பார்த்து, இனி ஊரிலேயே செய்வோம் என்று தேரூருக்குத் திரும்பியவள் அஞ்சு. வேறு யாராவது என்றால் அழுதிருப்பார்கள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சட்டென்று சிரித்துவிடுகிற சுபாவம். சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கும்போது சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் இந்தத் தொழிலில் அவளுக்கிருந்த பெரிய பயம். ஆனால் கூண்டில் ஏறுகிற சந்தர்ப்பமே வரவில்லை, ஒருநாள் காலையில் சுமைரா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வரும்வரை.

சுமைரா அவளுடைய பள்ளிக்கூடத் தோழி. குளச்சல்காரி. மாப்பிள்ளை குவைத்தில் இருந்தார். அவளுக்குப் பின்னால் அவள் தம்பி ஜாஸிம் வந்தான். ஆறடி உயரம், கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, உட்காரச் சொல்லும்வரை சுவரோரமாக நின்றான்.

"மக்கா, இவன் மேல அடிதடி கேஸு. இவன் அடிக்கல்ல. அந்த எடத்துலயே இல்ல" என்றாள் சுமைரா.

நடந்தது இதுதான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஓணம் விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. இராஜாக்கமங்கலத்தில் கால்பந்துப் போட்டி. குளச்சல் அணியும் உள்ளூர் அணியும் ஆடி, கடைசி நிமிஷத்தில் விழுந்த கோல் செல்லுமா செல்லாதா என்று தகராறாகி, கைகலப்பில் உள்ளூர் ஆட்டக்காரன் அனீஷுக்கு வலது கை முறிந்துவிட்டது. புகார் எழுதும்போது குளச்சல் அணியின் பெயர்கள் வரிசையாக ஏறின. கைப் பெருவிரல் சுளுக்கி அன்றைக்கு ஆட வராத கோல்கீப்பர் ஜாஸிமின் பெயரும் கூடவே ஏறிவிட்டது. இப்போது கத்தாரில் அவனுக்கு நல்ல வேலை ஒன்று கூடிவந்திருக்கிறது. வழக்கு இருக்கிறவரை போலீஸ் சான்று கிடைக்காது. சான்று இல்லாமல் விசா இல்லை.

"அப்பம் அன்னைக்கு எங்க இருந்த?" என்று அஞ்சு அவனிடம் கேட்டாள்.

"திற்பரப்பு அருவியில அக்கா. உம்மாவையும் லாத்தாவையும் குளிக்கக் கூட்டிட்டுப் போயிருந்தேன்" என்று அவன் சுமைராவைப் பார்த்தான்.

"போட்டோ?"

அன்றைக்கு அவர்களிடம் இருந்தது சுமைராவின் போன் ஒன்றுதான். உம்மா மும்தாஜ் பேகத்தை அருவி பின்னால் தெரிய நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தள்ளு, இன்னும் கொஞ்சம் தள்ளு என்று சொல்லிக்கொண்டே இவள் பின்னால் தள்ளிப் போய், பாசியில் வழுக்கி, ஆள் தப்பித்தது, போன் தண்ணீரோடு போயிற்று. ஜாஸிம் அந்த மத்தியானம் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்று துழாவியதுதான் மிச்சம்.

"நானும் உம்மாவும் சாட்சி சொல்லியாச்சு. வீட்டு ஆளுவ சாட்சிய யாரு பெருசா எடுப்பா?" என்றாள் சுமைரா. "வக்கீலு ஜக்கரியா சார் சொன்னாரு, அன்னைக்கு அங்க வந்த வேற யாராவது எடுத்த போட்டோவுல இவன் இருந்தாப் போதும்னு. நான் தேடிட்டேன் மக்கா."

எப்படித் தேடினாள் என்று கேட்டபோதுதான் அஞ்சுவுக்கு முதல் சிரிப்பு வந்தது. 'அந்த ஓணம் ஞாயிற்றுக்கிழமை திற்பரப்பில் குளித்த நல்ல உள்ளங்களே' என்று தொடங்கி சுமைரா ஒரு செய்தி எழுதி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கல்யாண வீட்டுக் குழு, மீன் ஏலக் குழு, ஸ்கூல் வேன் குழு என்று அது மாவட்டம் முழுக்கச் சுற்றிவிட்டது. இரண்டு வாரமாக அவள் போனில் நனைந்த மனிதர்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். தொப்பை மாமாக்கள், கண்ணை இறுக மூடிக்கொண்ட பிள்ளைகள், புதுமாப்பிள்ளை, புதுப்பெண். ஒருத்தர் தன் எருமை குளிக்கிற படத்தை அனுப்பி, இது வேறு குளம், ஆனாலும் பார்க்கட்டும் என்று எழுதியிருந்தார்.

அத்தனையிலும் ஒரே ஒரு படம் உருப்படியாகத் தோன்றியது. பூதப்பாண்டி பக்கத்து மகளிர் குழுவொன்று வேன் பிடித்து வந்து எடுத்தது. முன்னால் ஏழெட்டுப் பெண்கள் நனைந்த சேலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், தண்ணீர்ப் புகைக்குள், ஆரஞ்சு நிறத்தில் மங்கலாக ஓர் உருவம். தலை என்று சொல்லக்கூடிய இடத்தில் கறுப்பாக ஒரு முட்டை.

"அது நாந்தான்" என்றான் ஜாஸிம்.

"எப்படிச் சொல்லுக?"

"எனக்குத் தெரியும்லா."

சுமைரா அதற்குள் போனை நீட்டினாள். "இதப் பாரு. இருவது நிமிசம் முன்ன பஸ்ஸுல வரச்சிலே செஞ்சேன். போன்ல ஒரு ஆப்பு இருக்கு, மங்கலான படத்தப் போட்டா பளிச்னு ஆக்கித் தருது."

அஞ்சு பார்த்தாள். கறுப்பு முட்டை இருந்த இடத்தில் அழகான ஒரு முகம். கூரிய மூக்கு, ஒழுங்காக வெட்டிய தாடி, விளம்பரத்தில் வருகிற மாதிரி பல்வரிசை. கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜாஸிம் எட்டிப் பார்த்தான். அவன் முன்பல் ஒன்று பந்து பட்டுப் பாதி உடைந்தது.

"லாத்தா, இது நானில்ல. இவன் என்னைவிட நல்லா இருக்கான்."

"சும்மா இருலே. நனைஞ்சா எல்லாரும் கொஞ்சம் நல்லாத்தான் இருப்பாங்க."

அஞ்சு சிரித்து ஓய்ந்து, பிறகு சுமைராவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "மக்கா, இது தெளிவாக்குறது இல்ல, வரையுறது. அங்க இல்லாதத அதுவா நெனச்சு வரையுது. இத கோர்ட்டுல குடுத்தோம்னா நாம பொய்ப் படம் செஞ்சதா ஆயிடும். யாருக்கும் அனுப்பாத. உடனே அழி."

"சரி" என்றாள் சுமைரா. அந்தச் சரி கொஞ்சம் தாமதமாக வந்ததை அஞ்சு கவனிக்கவில்லை.

படம் எடுத்தவரைத் தேடி மறுநாளே போனார்கள். குழுத் தலைவி பகவதியம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று பசு, இரண்டு வயல், ஒரு தையல் மிஷின், இருபது பெண்கள் அடங்கிய குழு எல்லாவற்றையும் ஒரே குரலில் ஆண்டுகொண்டிருந்தார். வந்தவர்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, போனை மடியிலிருந்து எடுத்தார்.

"படமெல்லாம் இருக்கு. ஆனா இந்தப் போனுக்கு என்னமோ கேடு பிள்ளே. ஒண்ணு எடுத்தா ஒம்பதாயிரம் எடுக்கு. எடம் இல்ல, எடம் இல்லனு ஓயாமச் சொல்லுகு. நான் ஒண்ணையும் அழிக்க மாட்டேன். எது நல்லாருக்குனு யாரு பாத்துக் கழிக்க?"

அஞ்சு வாங்கிப் பார்த்தாள். பகவதியம்மாள் படம் எடுக்கும்போது பொத்தானில் வைத்த விரலை எடுப்பதில்லை. எல்லாரும் சிரித்து முடிக்கிறவரை அழுத்திப் பிடித்திருப்பார். அதனால் அதே சிரிப்பு, அதே அருவி, அதே ஆரஞ்சு உருவம், அடுத்தடுத்து நாற்பதோ ஐம்பதோ படங்களாக வரிசையில் கிடந்தன. ஒன்றிலும் எதுவும் தெளிவில்லை. ஆனால் இத்தனை இருந்ததே.

"அம்மா, உங்க போனுக்கு ஒரு கேடும் இல்ல. நீங்க செஞ்சது பெரிய உபகாரம்" என்றாள் அஞ்சு.

"நான் என்ன செஞ்சேன்?"

"விரலை எடுக்கல்ல."

போன் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றதும் பகவதியம்மாளின் முகம் மாறியது. குழுவின் தகவல் எல்லாம் அதில்தான். பிறகு ஜாஸிமை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கு ஒருத்தன் போனைத் தொலச்சிட்டுத் தண்ணிக்குள்ள நின்னு தேடிட்டே இருந்தான். நாங்க சோறு தின்னுட்டு வந்து பாத்தாலும் தேடுகான். கடையில போயி வேற வாங்குலேனு நெனச்சேன். அது நீயா?"

"ஆமா அம்மா."

"அப்பம் கொண்டு போங்க" என்று போனைத் தந்துவிட்டார். தந்த பிறகு, நினைவு வந்தவராக, "கறவைக்காரன் கூப்பிட்டா எடுத்து, நாளைக்கு வரச் சொல்லு பிள்ளே" என்றார்.

அதன்பிறகு மூன்று நாள் அஞ்சு அந்த மாடியறையில் அருவியோடு இருந்தாள். முதலில் படங்களை ஒரு பொட்டுக்கூட மாறாமல் நகலெடுத்தாள். ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண் உண்டு. படத்தில் ஒரு புள்ளியைத் தொட்டாலும் அந்த எண் மாறிவிடும். அதைக் குறித்து வைத்தாள். எடுத்த நேரமும் இடமும் படத்துக்குள்ளேயே பதிந்திருந்தன: திற்பரப்பு, தகராறு நடந்த அதே நேரம். பிறகு போனை உறையிலிட்டு ஜக்கரியா முன்னிலையில் அரக்கு வைத்து ஒட்டிவிட்டு, நகலில் வேலையைத் தொடங்கினாள்.

வேலை சொல்வதற்கு எளிது. எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாகச் சேர்க்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருப்பதால், சேர்க்கச் சேர்க்கக் கரைந்து மெல்லிய புகையாகிவிடும். ஒரே இடத்தில் நிற்பது எதுவோ அது தங்கும். ஆனால் பகவதியம்மாளின் கை ஆடிக்கொண்டே இருந்தது. சிரிக்கும்போது மேலேயும் கீழேயும், பக்கத்தில் யாரோ இடித்தபோது ஒரு பக்கமாகவும். எனவே பின்னாலிருந்த பாறையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் அதன்மேல் சரியாக உட்கார வைத்தாள். உருவம் அசைந்துவிட்ட படங்களைத் தனியே ஒதுக்கினாள். செய்த ஒவ்வொன்றையும் செய்த வரிசையில் எழுதிக்கொண்டாள், வேறு யார் செய்தாலும் இதே படம் வரவேண்டும் என்பதற்காக. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை கரண்டு போய், கணினி அணைந்து, அரைநாள் வேலை போயிற்று. அதற்கும் சிரித்துவிட்டு, ஒரு பழம்பொரியும் டீயும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி தொடங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் விலகியது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு படமாகச் சேரச் சேர, வெள்ளைத் திரை மெலிந்து, அதற்குள் நின்ற ஆள் வெளியே வந்தான்.

அஞ்சு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஷைஜு கீழிருந்து, "என்ன மேடம், ஆரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

அந்த ஆள் கேமராவைப் பார்க்கவே இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, தண்ணீரைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். கறுப்பு முட்டை, அவனுடைய பின்னந்தலை. சுமைராவின் ஆப்பு அந்தப் பிடரியில்தான் மூக்கும் தாடியும் பல்வரிசையும் வரைந்து வைத்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும் மற்றதைப் பார்த்தாள். இடுப்பில் வைத்த வலது கையின் பெருவிரலில் வெள்ளையாக ஒரு கட்டு. ஆரஞ்சு ஜெர்சியின் முதுகில் ஒன்று என்ற எண். அதற்கு மேலே பெயர். முதல் எழுத்து ஈரத்துணி மடிப்பில் போய்விட்டது. அடுத்து ஆங்கிலத்தில் ஏ, அடுத்து எஸ். நாலாவது எழுத்தைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினாள். ஜாஸிம் என்றால் அங்கே ஒல்லியான ஐ வரவேண்டும். இது அகலமான எம். அதற்கப்புறம்தான் ஒல்லியாக ஒரு கோடு, அதுவும் சந்தேகமாக.

வேறு யாரோவோ?

ஜாஸிமுக்குப் போன் செய்தாள். "உங்க ஜெர்சியில பேரு எப்படி எழுதியிருக்கும்?"





"அக்கா, அத ஏன் கேக்குதீங்க?" என்றான், யாரோ கடனைக் கேட்டது போன்ற குரலில். "அச்சடிச்சவன் கடைசி ரெண்டு எழுத்தையும் மாத்திப் போட்டுட்டான். ஜாஸ்மினு வந்துட்டு. டீம்ல ஒருத்தன் விடாம என்னைப் பூவேனு கூப்பிட்டானுவ. அதுக்குப் பொறவு மேட்சுக்கு அதப் போடுறதே இல்ல. குளிக்கப் போகச்சிலே, வண்டி கழுவச்சிலே போடுவேன். அன்னைக்கும்..." என்று நிறுத்தினான். "அதுவா தெரியுது?"

"பூவே, அதுதான் தெரியுது" என்றாள் அஞ்சு.

ஜெர்சியைத் தேடினார்கள். மும்தாஜ் பேகம் அதை அடுக்களையில் சூடான பாத்திரம் இறக்குகிற துணியாக ஆக்கியிருந்தார். ஒரு கை கருகிவிட்டிருந்தாலும் முதுகு முழுசாக இருந்தது. சோப்புப் போட்டுக் கசக்கக் கூடாது, அப்படியே கொண்டுவாருங்கள் என்று ஜக்கரியா சொல்லிவிட்டதால், மீன்குழம்பு வாசத்தோடு அது ஒரு பிளாஸ்டிக் பையில் நாகர்கோவில் வந்து சேர்ந்தது.

வழக்கு நாள் வந்தது. அஞ்சு நல்ல பருத்திப் புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டு வராந்தாவில் நின்றாள். சுமைரா பக்கத்தில் வந்து, முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"மக்கா, ஏசாத. அந்தப் படத்த நீ அழிக்கச் சொல்லும் முன்னயே எங்க குடும்பக் குழுவுல போட்டுட்டேன். அது எங்கெல்லாமோ போயிட்டு. அரசு வக்கீலு கையிலும் ஒண்ணு இருக்குனு ஜக்கரியா சார் இப்பம் சொல்லுகாரு."

அஞ்சுவுக்குக் கோபம் வந்தது. ஆனால் சுமைராவின் கண் கலங்கியதைப் பார்த்ததும் ஏசுவதற்கு மனம் வரவில்லை. "சரி, விடு. உள்ளதச் சொல்லுவோம்" என்றாள்.

முதலில் பகவதியம்மாள் கூண்டில் ஏறினார். பட்டுச்சேலை, தலையில் பிச்சிப்பூ. நீதிபதி நாற்பது வயதுப் பெண்மணி. பகவதியம்மாள் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, ஜக்கரியாவைப் பார்த்து, கேளுங்க என்று தலையசைத்தார்.

"இந்தப் படங்களை எடுத்தது நீங்கள்தானா?"

"நாந்தான். ஆனா ஒண்ணு எடுக்கத்தான் நெனச்சேன்."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. எழுதிக்கொண்டிருந்த நீதிபதியின் பேனாவும் ஒரு நொடி நின்றது. அரசு வழக்கறிஞர் எழுந்தார். நிதானமானவர், குரலை உயர்த்தாமல் கேட்கிறவர். ஜாஸிமைக் கைகாட்டிக் கேட்டார்.

"எதிரியை உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?"

"இவனையா? போன மாசம் வீட்டுக்கு வந்தப்பந்தான் முகத்தப் பாத்தேன். அன்னைக்கு முதுகத்தான பாத்தேன்."

அடுத்து அஞ்சு. என்ன செய்தாள், எப்படிச் செய்தாள் என்பதை வரிசையாகச் சொன்னாள். மூலப் படம் ஒன்றையும், அடுக்கிச் சேர்த்த படத்தையும் பக்கம் பக்கமாகப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

அரசு வழக்கறிஞர் கேட்டார். "படத்தில் இருப்பது எதிரிதான் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?"

"முடியாது சார்."

ஜக்கரியா தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் சுமைரா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"முகம் தெரியவில்லை. அதனால் ஆள் யாரென்று நான் சொல்ல முடியாது. ஆரஞ்சு ஜெர்சி, எண் ஒன்று, ஏ, எஸ், எம் என்று மூன்று எழுத்து, வலது பெருவிரலில் வெள்ளைக் கட்டு. இவ்வளவும் படத்தில் இருக்கிறது. கடைசியில் ஒரு கோடு இருக்கிறது, அது ஐ-யாக இருக்கலாம், உறுதியில்லை. முதல் எழுத்து தெரியவே இல்லை. அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்."

"முகம் தெரியவில்லை என்கிறீர்கள்." அவர் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சுமைராவின் அழகன் அதில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். "இதே படம்தான். இதில் முகம் நன்றாகத் தெரிகிறது. எதிரியின் குடும்பத்தார் பரப்பியது. உங்கள் படத்தில் பிடரி, இதில் முகம். இரண்டில் எது பொய்?"

அஞ்சுவின் தொண்டைக்குள் சிரிப்பு ஏறியது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள்.

"இது பொய் சார். ஓர் ஆப் வரைந்தது. படத்தில் இல்லாத முகத்தை அதுவாகச் சேர்த்திருக்கிறது. எதிரியின் அக்கா தெரியாமல் செய்தார். நான் பார்த்ததுமே இது ஆகாது என்று சொன்னேன். நாங்கள் இதைக் கோர்ட்டில் தரவில்லை."

"அது முகம் இல்லை, பிடரிதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" இதைக் கேட்டது நீதிபதி.

"இரண்டு காதுகளின் பின்பக்கம் தெரிகிறது அம்மா. அதோடு அந்தத் தாளை என் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆப் முகத்தை மட்டும்தான் மாற்றியது, சட்டையைத் தொடவில்லை. என் படத்தில் அதே சட்டையில் பெயரும் எண்ணும் இருக்கின்றன, அது முதுகு. முதுகு இந்தப் பக்கமும் முகமும் இந்தப் பக்கமும் இருக்கவேண்டும் என்றால், கழுத்து முழுசாகத் திரும்பியிருக்கவேண்டும்."

நீதிபதி தாளைப் பார்த்தார். அரசு வழக்கறிஞர் எட்டி அதையே பார்த்தார். பிறகு அரசு வழக்கறிஞர்தான் முதலில் சிரித்தார், மனசாரச் சிரித்தார். "மேற்கொண்டு கேள்வி இல்லை, மேடம்" என்று உட்கார்ந்தார். அவர் சிரித்துவிட்டதால் அஞ்சுவும் கொஞ்சம் சிரித்துக்கொண்டாள். யாரும் தவறாக எடுக்கவில்லை.

அதன்பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து ஜெர்சி வெளியே வந்தது. ஜக்கரியா அதை விரித்துப் பிடிக்க, அதன் முதுகில் எண் ஒன்றும், இடம் மாறிய எழுத்துகளும் இருந்தன. ஜெர்சி அச்சடித்த கடைக்காரர் வந்து, எழுத்து மாறியது தன் கைத்தவறுதான் என்றும், அப்படி ஒரே ஒரு சட்டைதான் மாறியது என்றும் ஒப்புக்கொண்டார். பெருவிரலுக்குக் கட்டுப்போட்ட மருத்துவமனைச் சீட்டும் சேர்ந்தது. போட்டிக்கு முந்தின நாளின் தேதி அதில் இருந்தது.

தீர்ப்பு இரண்டு வாரம் கழித்து. அணியில் உண்மையாகவே கைநீட்டிய இரண்டு பேருக்கு அபராதம் விதித்தார்கள். ஜாஸிம் சம்பவ இடத்திலேயே இல்லை என்று விடுதலை ஆனான். நீதிபதி வாசித்த இங்கிலீஷ் சுமைராவுக்கு முழுசாகப் புரியவில்லை. ஜக்கரியா திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டியது புரிந்துவிட்டது. அவள் கோர்ட்டென்றும் பாராமல் அஞ்சுவைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். மும்தாஜ் பேகம் மகனைத் தலை குனியச் சொல்லி உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார். பகவதியம்மாள், தன் போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாம் சேத்து ஒரு பிரியாணி போடணும், கேட்டியளா?" என்றார்.

வெளியே வராந்தாவில் ஒருத்தன் காத்திருந்தான். கை முறிந்த அனீஷ். ஜாஸிமைப் பார்த்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"உன்ன நான் அங்க பாக்கவே இல்லடே. வலது கையில மாவுக்கட்டு, பெருத்த வலி. பேரெல்லாம் எழுதிக் கொண்டாந்து நீட்டினானுவ, எடது கையால ஒப்புப் போட்டேன். வாசிக்கக்கூட இல்ல."

ஜாஸிம் அவனுடைய வலது கையைப் பார்த்தான். ரெண்டு வருஷம் போயிருக்கிறது.

"கை இப்பம் எப்பிடி இருக்கு?" என்று கேட்டான்.

"மழைக்கு வலிக்கும். மத்தபடி கொள்ளாம்."

"ஆடுதியா?"

"பின்ன ஆடாம? நீ வெளிநாடு போறியாமே? போறதுக்கு முன்ன ஒரு மேட்சு வா. இந்தத் தடவை நல்ல நடுவரா நிறுத்துவோம்."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரும் இராஜாக்கமங்கலம் மைதானத்தில் கூடினார்கள். தாணுமாலயன் கூட வந்திருந்தார். பகவதியம்மாளின் மகளிர் குழு வேன் பிடித்து வந்து, குளச்சல் பக்கம் நிற்பதா உள்ளூர் பக்கம் நிற்பதா என்று தங்களுக்குள் சண்டை போட்டு, கடைசியில் பாதிப் பாதியாகப் பிரிந்து நின்றது. கடற்காற்று பந்தைத் தூக்கித் தூக்கி எங்கெங்கோ கொண்டுபோனது. ஜாஸிம் பச்சைச் சட்டையில் கோல் கம்பத்துக்கு நடுவே நின்று, எகிறி எகிறிப் பிடித்தான். அஞ்சு அதற்கு முன் கால்பந்து பார்த்ததே இல்லை. முதல் பாதியில் சுமைராவிடம் விதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் கேட்பதை விட்டுவிட்டாள்.

கடைசி நேரத்தில் அனீஷ் இடது ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு வந்தான். ஒருத்தனை ஏமாற்றினான், இன்னொருத்தனைத் தாண்டினான், கம்பத்துக்கு முன்னால் ஜாஸிமும் அவனும் மட்டும். ஜாஸிம் கையை விரித்துக்கொண்டு ஓடி வந்தான். அனீஷ் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான். பந்து ஜாஸிமின் இரண்டு காலுக்கும் நடுவே புகுந்து, அவசரமே இல்லாமல் உருண்டு, கோலுக்குள் போய் நின்றது.

ஜாஸிம் குனிந்து தன் கால்களுக்கு நடுவே பின்னால் பார்த்தான். அப்படியே மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். அனீஷ் கை நீட்டி அவனைத் தூக்கிவிட்டான். கூட்டம் ஓவென்று கத்தியது. அந்தச் சத்தத்தின் நடுவே, யாருக்காக என்று தெரியாமல், விசிலடிக்கிற மாதிரி ஒரு கூச்சல் தனியாகக் கேட்டது. தாணுமாலயன் திரும்பிப் பார்த்தார். அவர் மகள் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துள்ளித் துள்ளிக் கத்திக்கொண்டிருந்தாள்.